விண்டோஸை மீண்டும் போடாமல் சிஸ்டம் டிரைவை வேறு கணினிக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கல்முனையில் இருந்தோ களுவாஞ்சிக்குடியில் இருந்தோ கல்லடிக்கு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருவார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கழற்றிய ஹார்ட் டிஸ்க். "பழசில இருந்து கழட்டிப் புதுசில போட்டன் தம்பி, நீலமா ஒரு ஸ்கிரீன் வருது." பழைய மெஷின் எங்கே என்று கேட்டால், "அதை வித்தாச்சு" என்பார்கள். அந்தப் பழைய மெஷினில் பத்து நிமிடம் செய்திருக்க வேண்டிய வேலை, இப்போது ஒரு நாள் வேலை.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் சுத்தம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கொப்பிக் கடைக் கணினியில் பாமினி எழுத்துருவும் அதற்கென்று அமைத்த விசைப்பலகையும், மூன்று பிரிண்டரும், சீடி எப்போதோ தொலைந்துபோன பில்லிங் மென்பொருளும் இருக்கும். அதையெல்லாம் திரும்பக் கட்டி எழுப்ப ஒரு கிழமை போகும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டின் 64 பிட் பதிப்புகளுக்கு. விண்டோஸ் 7 வேறு கதை. புதிய மதர்போர்டுகளுக்கு வேண்டிய யூஎஸ்பி 3, என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவர்கள், அதாவது அந்தச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள், அதில் இயல்பாக இல்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

1. ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும்

டிரைவ் மாறுவது ஒன்று, மெஷின் மாறுவது இன்னொன்று, விண்டோஸ் 10-ஐ 11 ஆக்குவது மூன்றாவது. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் பலர் இந்த மூன்றையும் ஒரே இருப்பில் முடிக்கப் பார்க்கிறார்கள். பிழை வந்தால் எதனால் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நான் செய்யும் ஒழுங்கு இது: பழைய மெஷினிலேயே புது எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பது, அதைப் பழைய மெஷினிலேயே ஓட்டிப் பார்ப்பது, பிறகு அந்த எஸ்எஸ்டியைப் புது மெஷினுக்குக் கொண்டுபோவது. விண்டோஸ் 11 எல்லாம் அடுத்த கிழமை.

டிரைவை மாற்றாமல் மெஷினை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் 6ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

2. பழைய மெஷினில் நான்கு விடயங்களைக் கடதாசியில் எழுதுங்கள்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத வேண்டும். பூட் ஆகாத மெஷினிடம் கேள்வி கேட்க முடியாது.

முதலாவது, பயாஸ் மோட். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன் மெஷினைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்; லெகசி அதன் பழைய முறை, யூஇஎஃப்ஐ புதிய முறை. ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் லெகசியா யூஇஎஃப்ஐயா என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவது, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்திருப்பது எம்பிஆர் என்ற பழைய முறையிலா, ஜிபிடி என்ற புதிய முறையிலா என்பது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் வால்யூம்ஸ் பக்கத்தைப் பாருங்கள். லெகசி என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. இந்தச் சோடி பொருந்தாவிட்டால் விண்டோஸ் கிளம்பாது.

மூன்றாவது, ஸ்டோரேஜ் மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை. பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா, ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். 11ஆம் தலைமுறை தொடங்கி வந்த இன்டெல் லேப்டாப் பலவற்றில் இது விஎம்டி என்ற பெயரில் இருக்கும். நீல ஸ்கிரீனோடு வருகிற டிஸ்க்குகளில் பெரும்பாலானவை மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

நான்காவது, புது மெஷினில் டிரைவ் போடும் இடம். எம்.2 துளை (கார்டு வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருப்பதை வைத்து மட்டும் என்விஎம்இ வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். சில துளைகள் சாட்டா என்ற பழைய வகை எம்.2 மட்டுமே ஏற்கும், சில என்விஎம்இ மட்டுமே ஏற்கும். செருகும் விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும் எம்.2 கார்டு பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் என்விஎம்இ. ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

3. மேசைக்கு வர வேண்டிய சாமான்கள்

யூஎஸ்பியில் டிரைவ் பூட்டும் கேபிள் அல்லது பெட்டி, இரண்டு பென் டிரைவ், பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒரு பென்னில் விண்டோஸ் இன்ஸ்டாலர் இருக்கட்டும். இன்ஸ்டால் செய்ய அல்ல, கிளம்பாவிட்டால் ரிப்பேர் திரைக்குப் போக. மற்றப் பென்னில் புது மெஷினின் சிப்செட், நெட்வொர்க் டிரைவர்கள். நெட்வொர்க் டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் நெட்வொர்க் டிரைவர் இல்லை. இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் கொழுவி டெதரிங் போடுங்கள், ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் விண்டோஸ் அநேகமாக அப்படியே பிடித்துக்கொள்ளும்.

எம்.2-ஐ இறுக்கும் அந்தக் குட்டி ஸ்க்ரூவை மறக்க வேண்டாம். எஸ்எஸ்டிப் பெட்டிக்குள் அது வராது, பெரும்பாலும் போர்டோடுதான் வரும். செகண்ட் ஹேண்ட் போர்டில் அது இருக்கவே இருக்காது. ஒரு முறை சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு டவுன் முழுக்க அந்த ஒரு ஸ்க்ரூவுக்காக அலைந்தேன்.

யூபிஎஸ் கட்டாயம். ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே மழையும் இடியும் கரண்டும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நகல் பாதியில் நின்றால் மூல டிஸ்க்குக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஆனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். மெஷின் மாறிய பிறகு முதல் பூட்டின்போது கரண்ட் போனால் சேதம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

4. டிஸ்க்கின் உடம்பைப் பார்த்து, பேக்கப் எடுங்கள்

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரியின் ரோ வேல்யூ பூச்சியத்தில் இல்லாவிட்டால் இங்கேயே நிறுத்துங்கள். அது சாகக் கிடக்கிற டிஸ்க். சாதாரண நகல் மென்பொருள் ஒவ்வொரு கெட்ட இடத்திலும் திரும்பத் திரும்ப முட்டி அதை இன்னும் கெடுக்கும். முதலில் முக்கியமான கோப்புகளைக் கையால் எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

டிஸ்க் நல்லது என்றாலும் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பில்லிங் டேட்டாபேஸ் மூன்றும் எக்ஸ்டர்னலில் தனியாக இருக்க வேண்டும். நகல் எடுப்பதுதானே பேக்கப் என்று கேட்பார்கள். நகலில் மூலத்தையும் இலக்கையும் மாறித் தெரிவு செய்தால் இரண்டும் வெறுமையாகிவிடும். எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு அது நடந்திருக்கிறது.

5. பாஸ்வேர்ட், என்கிரிப்ஷன், லைசென்ஸ்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை நானா. கடை லேப்டாப்பின் போர்டு நோயாளி, அதனால் டிரைவை வேறு லேப்டாப்புக்கு மாற்றினோம். விண்டோஸ் அழகாகக் கிளம்பியது. லாகின் திரையில் பின் நம்பரை அடித்தார். பின் கிடைக்கவில்லை என்று வந்தது. பாஸ்வேர்டைப் போடுங்க நானா என்றேன். "பாஸ்வேர்டா? எனக்கு இந்த நாலு நம்பர்தான் தெரியும்." அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை லேப்டாப் வாங்கிய நாளில் கடையில் நின்ற பொடியன் தன் ஃபோன் நம்பரில் திறந்து கொடுத்திருக்கிறான். பொடியன் இப்போது கட்டாரில். ஜும்ஆ முடிந்து அவனைப் பிடித்து, அவன் ஃபோனுக்கு வந்த இலக்கத்தை வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி முடிக்க அஸர் ஆகிவிட்டது. தவறு என்னுடையது. கழற்றும் முன் நான் கேட்டிருக்க வேண்டும்.

காரணம் எளியது. பின் என்பது அந்த மெஷினின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது. டிரைவோடு கூட வராது. ஆகவே பழைய மெஷினில் சைன் அவுட் செய்து, பின் இல்லாமல் பாஸ்வேர்டைக் கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் இடமே வரவில்லை என்றால், செட்டிங்ஸில் சைன் இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் விண்டோஸ் ஹலோவை மட்டும் அனுமதி என்ற பொத்தான் போட்டிருக்கும். அதை அணையுங்கள். இதற்கு மேலாக நான் எப்போதும் நிர்வாகி உரிமையோடு ஒரு லோக்கல் கணக்கும் திறந்துவிடுவேன். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைக் கீ இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் என்கிரிப்ஷன். "நான் அப்படி எதுவும் போடல்லயே" என்று எல்லோரும் சொல்வார்கள். ஹோம் பதிப்பு லேப்டாப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே போட்டிருக்கலாம். புது மெஷினுக்குப் போனதும் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்து எடுத்து வேறு இடத்தில் எழுதி வையுங்கள். என்கிரிப்ஷனைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும் வழி உண்டு, ஆனால் நான் முழுவதுமாக அணைத்து, டிகிரிப்ட் முடியும் வரை காத்திருப்பேன். நகல் மென்பொருள்கள் பூட்டிய பகுதியை வாசிக்க முடியாமல் வெற்றிடத்தையும் சேர்த்து நகல் எடுப்பதும் இதனால் தவிரும்.

லைசென்ஸ்: மெஷினோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்தப் போர்டுக்குத்தான் சொந்தம், புது மெஷினுக்குக் கொண்டுபோக உரிமை இல்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெயில் கீ என்றால் மாற்றலாம். கழற்றும் முன் அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள். புது மெஷின் தன் லைசென்ஸோடு வந்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் ஹோம், ப்ரோ என்ற பதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மெஷின் எண்ணிக்கைக்கு உரிமம் தரும் மென்பொருள்களைப் பழைய மெஷினிலேயே டீஆக்டிவேட் செய்யுங்கள். பில்லிங் மென்பொருளுக்கு டொங்கிள் (லைசென்ஸுக்காக யூஎஸ்பியில் செருகும் துண்டு) இருந்தால் அதையும் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

6. நகல் எடுப்பது

க்ளோன்சில்லா என்ற நகல் மென்பொருள் இலவசம், நம்பகமானது, முகம்தான் கொஞ்சம் கரடுமுரடு. அது இலக்கு டிஸ்க் மூலத்தின் அளவாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு என்று தொடங்குகிறவர்கள் இங்கே முட்டுவார்கள். உள்ளே 60 ஜிபிதான் இருக்கிறது என்றாலும் அது கணக்கில்லை, டிஸ்க்கின் மொத்த அளவுதான் கணக்கு. சின்ன எஸ்எஸ்டி என்றால் அதைத் தயாரித்தவர்கள் இலவசமாகத் தரும் நகல் மென்பொருள் இருக்கிறதா பாருங்கள். பகுதிகளைத் தானே சுருக்கிப் போடும்.

மூலம் எது, இலக்கு எது என்று அளவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். மாடல் பெயரையும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளையும் வாய்விட்டு வாசியுங்கள். வேலைக்குத் தேவையில்லாத டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். என்னோடு வேலை செய்யும் தம்பி முதலில் இதைக் கேட்டுச் சிரித்தான். ஒரு நாள் 'ஆம்' என்று அடிக்கப் போன விரலை அவனே பின்னுக்கு இழுத்தான். இப்போது சிரிப்பதில்லை.

நகல் முடிந்ததும் மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்துக் கிளப்புங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனாக்கிவிடும், இல்லாவிட்டால் பழையதில் இருந்தே கிளம்பும். நீங்கள் புதியதில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எம்பிஆரை ஜிபிடி ஆக்க வேண்டும் என்றால் அதையும் இந்த நகலில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் அல்ல. எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் இருந்து கூடவே வருகிறது. முதலில் வேலிடேட் கட்டளையால் சோதித்து, அது சரி என்றால் மட்டும் கன்வெர்ட் கொடுங்கள். டிஸ்க்கில் பிரைமரிப் பகுதி நான்கு இருந்தால் மறுத்துவிடும், மூன்றுக்குக் குறைக்க வேண்டும். மாற்றிய பின் லெகசி மட்டும் தெரிந்த பழைய மெஷினில் அது கிளம்பாது. அதனால்தான் ஓட்டிப் பார்ப்பது முதலில், மாற்றுவது பிறகு.

7. கடைசியாக ஒரு முறை பழைய மெஷினில்

உற்பத்தியாளர் போட்ட விசிறிக் கட்டுப்பாடு, பேட்டரி மென்பொருள் போன்றவற்றை நீக்குங்கள். புது மெஷினில் அவை சும்மா பிழைச் செய்தி காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்டோரேஜ் மோட் இரண்டு மெஷினிலும் வேறு என்றால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் சேஃப் பூட்டுக்குச் சரி போடுங்கள். சேஃப் மோடில் கிளம்பும்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களை எழுப்பிப் பார்க்கும். ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் சரி, டிக்கை எடுத்துவிட்டு வழமைபோல் கிளப்பலாம். பாஸ்வேர்டைச் சோதிக்காமல் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடின் வாசலிலேயே நிற்பீர்கள்.

பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். வழமையான ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸின் ஒரு பகுதி உறங்கத்தான் செய்கிறது. பழைய போர்டின் நினைவோடு உறங்கிய விண்டோஸைப் புதுப் போர்டில் எழுப்பக் கூடாது.

8. மாற்றிப் பூட்டுவது

கரண்டைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, லேப்டாப் என்றால் பேட்டரியையும் துண்டியுங்கள். வியர்த்த விரலால் தங்கப் பற்களைத் தொட வேண்டாம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்து வரும் போர்டுகளில் உப்புப் படிவு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

புது மெஷினுக்குச் சொந்தமாக டிரைவ் இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள். பயாஸுக்குள் போய் முதலில் இருக்கும் நிலையை ஃபோனில் படம் எடுத்துவிட்டு, ஜிபிடி என்றால் யூஇஎஃப்ஐ, எம்பிஆர் என்றால் சிஎஸ்எம் (லெகசி முறை), ஸ்டோரேஜை ஏஎச்சிஐ என்று வையுங்கள். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில். வேறு எதையும் தொட வேண்டாம்.

9. முதல் பூட்

திரை கறுக்கும், சாதனங்கள் தயாராகின்றன என்று வரும், தானாக ஒன்று இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகும். ஹார்ட் டிஸ்க் என்றால் கால் மணித்தியாலம்கூடப் போகலாம். பொறுமையில்லாமல் பவரை அமத்துவதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய பிழை. போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உள்ளே வந்ததும் பென்னில் இருந்து சிப்செட், அப்புறம் நெட்வொர்க், அப்புறம் கிராஃபிக்ஸ். இந்த ஒழுங்குக்குக் காரணம், சிப்செட் சரியாக இல்லாவிட்டால் மற்றச் சாதனங்களை விண்டோஸ் சரியாக இனங்காணாமல் போகலாம்.

10. கிளம்பாவிட்டால்

பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் வந்தால், லெகசி, யூஇஎஃப்ஐ பொருத்தத்தைத் திரும்பப் பாருங்கள். பொருத்தம் சரி என்றால் பூட் கோப்புகள்தான் பிழை. இன்ஸ்டாலர் பென்னில் கிளப்பி, ரிப்பேரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிசிடிபூட் கட்டளையால் அவற்றைத் திரும்ப எழுத வேண்டும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். சி என்று நினைப்பது டியாக இருக்கலாம். கோப்புகளைப் பார்த்து உறுதி செய்யாமல் கட்டளை அடிக்காதீர்கள்.

நீல ஸ்கிரீனில் இன்னாக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்றால் விண்டோஸ் கிளம்பிவிட்டது, தன் டிஸ்க்கைத்தான் காணவில்லை. அது ஸ்டோரேஜ் மோட். பயாஸில் பழைய மெஷினின் மோடுக்கு மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் ரெக்கவரி திரை வழியாக சேஃப் மோடுக்குப் போங்கள். விஎம்டியை அணைக்கவே இடம் தராத லேப்டாப் என்றால், அதன் டிரைவரை ரிப்பேர் திரையில் இருந்து டிஸ்ம் கருவியால் விண்டோஸுக்குள் சேர்க்க வேண்டும்.

ஒன்றுமே தெரியவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால் பதறும் முன் மொனிட்டர் கேபிளைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளைப் போர்டின் துளையில் கொழுவி, நகல் பிழைத்துவிட்டது என்று அக்கரைப்பற்றில் இருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் உண்டு.

இடி விழுந்து போர்டு ஏற்கெனவே செத்துவிட்டது, பழைய மெஷினில் எதுவும் செய்ய வழியில்லை என்றால்? முதலில் டிஸ்க்கை யூஎஸ்பியில் கொழுவி கோப்புகளை எடுங்கள். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்து கீயைத் தேடுங்கள். பிறகு டிஸ்க்கின் பகுதி வகையைப் பார்த்து, புது மெஷினின் பயாஸை அதற்கு ஏற்ப வைத்து முயலுங்கள். கிளம்பும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் உரிமையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

11. கிளம்பிய பிறகு

பின் நம்பரைப் புதிதாக அமையுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் பிழை இருந்தால் ட்ரபிள்ஷூட்டருக்குள் அண்மையில் ஹார்ட்வேரை மாற்றினேன் என்ற தெரிவைக் கொடுங்கள். எல்லாம் ஓடிய பிறகு என்கிரிப்ஷனைத் திரும்பப் போடலாம்.

எஸ்எஸ்டி பெரிதாக இருந்து சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும்போது எக்ஸ்டெண்ட் வேலை செய்யாமல் மங்கிக் கிடந்தால், நடுவில் ரெக்கவரிப் பகுதி குந்திக்கொண்டிருக்கிறது. ஜிபார்ட்டெட் போன்ற, பகுதிகளை நகர்த்தும் கருவி ஒன்றால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு விரியுங்கள்.

கடைகளில் இரண்டு தொல்லை வரும். யூஎஸ்பி பிரிண்டர் கொப்பி 1 என்று இன்னொரு பெயரில் வந்து நிற்கும், பில்லிங் மென்பொருளோ பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பழையதை நீக்கி, புதியதற்கு அதே பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். மற்றது, நிலையான ஐபி போட்டிருந்த மெஷினில் அதே ஐபியைத் திரும்பக் கொடுத்தால், அது வேறொரு அடாப்டரில் இருக்கிறது என்று சொல்லும். அது பழைய போர்டின் நெட்வொர்க் கார்டின் ஆவி. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும், நீக்கிவிடுங்கள். மற்ற மங்கலான சாதனங்களைத் தேடித் தேடி நீக்கத் தேவையில்லை, அவை ஒன்றும் செய்யாது.

பழைய டிஸ்க்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடையின் பெயரையும் திகதியையும் எழுதி, ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். "மறுகா அதை ஃபோர்மட் அடிச்சுத் தாங்க தம்பி, சிசிடிவிக்குப் போடலாம்" என்று அன்றைக்கே கேட்பார்கள். அந்த மாதக் கணக்கு முடித்து, எல்லாப் பில்லும் அச்சாகி வந்த பிறகு கொடுங்கள்.